ஆன்டிவைரஸும் வட்டவளைப் பட்டியலும்

"13.08.2002, செவ்வாய். வட்டவளை டீச்சர். புளொப்பி ஒன்று. வைரஸ் இருந்தது. கோப்பு முழுவதும் சேதம். அழித்தாயிற்று. வேலை முடிந்தது."

ஹட்டன் கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்த காலம் முழுவதும் நான் வேலைப் புத்தகம் எழுதிவந்தேன். மொத்தம் ஒன்பது புத்தகங்கள். மேலே இருப்பது ஐந்தாவது புத்தகத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு. திகதி சரி. வைரஸ் இருந்ததும் சரி. கோப்பு சேதமாகியிருக்கவில்லை. வேலையும் முடிந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் கட்டாயம் வேண்டுமா, ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை ஒரு வரியில் பதில் சொன்னவன் நான். முதல் தடவை வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை உடனே வேண்டும் என்றேன். இரண்டும் பிழையாகிப் போயின. அதனால் உங்களுக்கு அன்று பதில் சொல்லாமல், புத்தகத்தைத் தேடியெடுத்து இதை எழுதுகிறேன்.

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர் புவனேஸ்வரி டீச்சர். அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கொழும்பில் வேலை செய்த அவருடைய தம்பி, தன் அலுவலகம் கழித்துப்போட்ட கணினி ஒன்றை அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். 2001 மார்ச்சில் அதைப் பொருத்திக் கொடுக்கப் போனவன் நான். தமிழ் எழுத்துருவையும் நான்தான் ஏற்றினேன். எந்த விசையை அழுத்தினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்ற அட்டவணையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதைத் திரைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டார். புறப்படும்போது ஆன்டிவைரஸ் போட வேண்டாமா என்று கேட்டார். பேப்பரில் ஏதோ படித்திருந்தார்.

"இன்டர்நெட் இல்லாத வீட்டுக்கு அது எதுக்கு டீச்சர்? பேய் வரணும்னாலும் ரோடு வேணும்ல," என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கும் என் பதில் பிடித்திருந்தது.

முழுக்க அலட்சியத்தில் சொன்னதல்ல அது. அந்த இயந்திரத்தின் நினைவகம் மிகவும் சிறியது. ஆன்டிவைரஸ் ஒன்றை ஏற்றினால் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். அதைப் புதுப்பிக்கும் தகவல்களும் அப்போது எங்களுக்கு மாதம் ஒரு தடவை கொழும்பிலிருந்து வரும் சீடியில்தான் கிடைக்கும். ஆறு மாதம் புதுப்பிக்காத ஆன்டிவைரஸை வைத்துக்கொண்டு பயமில்லாமல் இருப்பதைவிட, அது இல்லாமல் கவனமாக இருப்பது மேல் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் பாதி சரியென்றே சொல்வேன். நான் மறந்துபோனது, கோப்புகளைக் கொண்டுபோகும் சிறு தட்டான புளொப்பியை. பாடசாலையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து எங்கள் கடை, கடையிலிருந்து இன்னொரு அலுவலகம் என்று எங்கள் மலையில் அந்த வருடங்களில் எல்லாம் புளொப்பியில்தான் போய்வந்தன. பேய்க்கு ரோடு போட்டுக்கொடுத்தவர்களே நாங்கள்தான்.

2002 ஜூன் மழையில் அந்தத் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லயத்தின் பின்சுவர் முழுவதும் வெடித்துவிட்டது. முப்பத்தொரு குடும்பங்கள் பாடசாலையிலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்திலும் தங்கின. வேறு இடத்தில் ஆளுக்கொரு காணித் துண்டு கொடுப்பதாகப் பேச்சு வந்தது. அதற்குப் பிரதேச செயலகம் ஒரு பட்டியல் கேட்டது. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகள், பிறப்புச் சான்றிதழ் விபரம் எல்லாம் தட்டச்சு செய்து ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதன்பிறகு பட்டியலை மூடிவிடுவார்கள்.

தோட்டத்து ஆட்களின் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வேலை என்று தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். டீச்சர் ஐந்து கிழமையாக, ஆட்கள் மலையிலிருந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போய், பத்திரங்களை வாங்கிவந்து, வீட்டில் தட்டச்சு செய்துவிட்டு மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்தார். யாருடைய பத்திரத்தையும் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பட்டியல் இருந்தது இரண்டே இடங்களில். ஒன்று வீட்டுக் கணினி. மற்றது ஒரு புளொப்பி.

ஆகஸ்ட் 13 காலை பத்தரைக்கு அந்த புளொப்பியோடு டீச்சர் எங்கள் கடைக்கு வந்தார். வீட்டில் அச்சுப்பொறி இல்லை. கூடவே தோட்டத் தலைவர் மாரிமுத்துவும் வந்தார். தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் அவர். மண் சரிந்த லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவும் ஒன்று.

முதல் நாள் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எங்கள் கடைக் கணினியிலேயே வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தேன். எத்தனை பேருடைய புளொப்பிக்கு அதைக் கொடுத்திருப்போமோ என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. முழுவதையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். கொழும்பிலிருந்து வந்திருந்த புதிய ஆன்டிவைரஸைப் போட்டேன். தமிழ் எழுத்துருவை ஏற்ற மறந்துவிட்டேன். மறந்தது எனக்குத் தெரியவும் தெரியாது.

டீச்சரின் புளொப்பியைப் போட்டதும் திரையில் சிவப்புப் பெட்டி வந்தது. கோப்பில் வைரஸ் இருக்கிறது என்றது. அந்தப் பெட்டியை மூடிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரி வரியாக நின்றன. ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. முதல் நாள் பட்ட வெட்கம் இன்னும் ஆறியிருக்கவில்லை. வைரஸ் என்றும் சொல்கிறது, எழுத்தும் கெட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களோடு ஒழுங்காக இருந்தது. அதை நான் பார்த்தேன். பெயர்களை ஒன்றுவிடாமல் சிதைத்த வைரஸ் எண்களில் ஒன்றைக்கூட ஏன் தொடவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"வைரஸ்னா கொசு மாதிரியா பாஸ்? மருந்தடிச்சா போயிராதா?" என்று கேட்டார் தலைவர்.

போகும், ஆனால் அது தின்றது திரும்பாது என்றேன். டீச்சர் கையிலிருந்த குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

பிரதேச செயலகத்தில் தவணை கேட்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கெட்டுப்போன பட்டியலைத் தாளில் காட்டினால் இரங்குவார்கள். அதற்காக அந்தக் கோப்பை அப்படியே அச்சடித்தேன். ஐந்து பக்கம். நான்கு பக்கம் வந்ததும் தாள் தீர்ந்தது. சாட்சிக்கு நான்கு போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு புளொப்பியில் இருந்த கோப்பை அழித்து, அதோடு நில்லாமல் புளொப்பியையே போமட் செய்தேன்.

வீட்டுக் கணினியிலும் இது இருக்கும், பாடசாலைக் கோப்புகளுக்கெல்லாம் பரவுமுன் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மேலே உள்ள குறிப்பை வேலைப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு, ஆன்டிவைரஸ் சீடியை எடுத்துக்கொண்டு அவர்களோடு அதே பஸ்ஸில் ஏறினேன். உதவி செய்யப் போகிறேன் என்ற நினைப்பு. பஸ்ஸில் தலைவர் டீச்சரைத் தேற்றிக்கொண்டு வந்தார். எல்லாருமாக இரண்டு நாளில் மறுபடியும் எழுதிவிடலாம் என்றார். அவருக்கும் அது முடியாது என்று தெரிந்திருந்தது. ஆட்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். சிலர் பத்திரங்களோடு வேறு தோட்டங்களில் உறவினர் வீட்டில் இருந்தார்கள்.

வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸை ஏற்றித் தேடவிட்டேன். இருபத்துமூன்று கோப்புகளில் வைரஸ் என்றது. கீழே மூன்று பொத்தான்கள். சுத்தம் செய், ஒதுக்கி வை, அழி.

டீச்சர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியல ஒருக்கா தெறந்து பாக்கலாமா?"

"தெறந்தா இன்னும் பரவும் டீச்சர்."

நான் இந்தத் தொழிலில் சொன்ன வாக்கியங்களில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவது இது ஒன்றைத்தான். அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது. திறந்திருந்தால் முப்பத்தொரு குடும்பமும் அழகான தமிழில் திரையில் நின்றிருக்கும். அவர் கேட்டது சரியான கேள்வி. கணினி தெரியாதவர் கேட்கிறார் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். பிறகு 'அழி' என்ற பொத்தானை அழுத்தினேன்.

அழித்த கையோடு வேர்ட் மென்பொருளையும் புதிதாக ஏற்றத் தொடங்கினேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த நான்கு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"அண்ணே. இது செல்லம்மா பேரு."

திரும்பிப் பார்த்தேன். முதல் தாளின் முதல் வரியில் விரலை வைத்திருந்தார்.

"அடுத்தது பழனியாண்டி. அடுத்தது முனியம்மா, மூணு புள்ளைக."

அவர் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாக அந்த விசைகளில் தமிழ் அடித்துப் பழகியவர். எந்த ஆங்கில எழுத்தில் எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், அடித்த விசையின் ஆங்கில எழுத்துதான் திரையில் தெரியும். வைரஸ் சிதைத்ததாக நான் நினைத்தது, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்த நல்ல பட்டியல். ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. கோப்பில் வைரஸ் ஒட்டிக்கொண்டிருந்தது உண்மை. 'சுத்தம் செய்' என்ற முதல் பொத்தானை அழுத்தியிருந்தால் அது போயிருக்கும், பட்டியல் இருந்திருக்கும்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தலைவர் எழுந்துபோய் டீச்சரின் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப்பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ் செத்துப்போச்சுன்னாரு. டீச்சர் பேரு சொல்லிக் கூப்புடுது, ஒவ்வொண்ணா எந்திரிச்சு வருது."

நான் மன்னிப்புக் கேட்டேன்.  "நீங்க எண்ண அடிங்க, நான் பேர வாசிக்கிறேன்," என்றார் டீச்சர். அப்போதுதான் வேர்ட் ஏற்றுவதை நிறுத்தினேன்.

அழித்த கோப்பை மீட்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். முயன்றேன். புதன்கிழமை கடையிலிருந்து அதற்கான மென்பொருளை எடுத்துப்போனேன். புளொப்பியை நானே போமட் செய்திருந்தேன். வீட்டுக் கணினியிலோ, அழித்த இடத்தின் மேலேயே புதிய மென்பொருளை ஏற்றியிருந்தேன். கிடைத்தவை பழைய பரீட்சைத் தாள்கள் இரண்டு.

புதனும் வியாழனும் டீச்சர் வாசிக்க வாசிக்க நானும் அவரும் மாறி மாறித் தட்டச்சு செய்தோம். இடையில் ஜூலை மாதம் அவர் எங்கள் கடைக்குப் பரீட்சைத் தாள் அச்சடிக்க வந்தது நினைவுக்கு வந்தது. வேலைப் புத்தகத்தில் திகதி இருந்தது. அந்த வைரஸ் எங்கள் கடையிலிருந்தே போயிருக்க வேண்டும். அதையும் அவரிடம் சொன்னேன். "சரி அண்ணே, அடுத்த வரி," என்றார்.

நான்கு தாள்களில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் இருந்தன. நான் அச்சடிக்காமல் விட்ட ஐந்தாம் பக்கத்தில் மூன்று. அவற்றில் இரண்டு குடும்பங்கள் பாடசாலையிலேயே தங்கியிருந்ததால் பத்திரம் வாங்கி எழுதினோம். மூன்றாவது, சிவபாக்கியம் என்ற பெண்ணின் குடும்பம். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். பூண்டுலோயாவில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை தலைவர் பஸ் மாறிப் போனார். சிவபாக்கியம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒரு கிழமை ஆகியிருந்தது. பத்திரங்களும் அவரோடு போய்விட்டன. எந்த வீடு என்று தங்கைக்கும் தெரியவில்லை.

பெயரும் பிள்ளைகள் விபரமும் பாடசாலைப் பதிவில் கிடைத்தன. அடையாள அட்டை இலக்கம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவில் சிவபாக்கியம் பிறந்த திகதி இருந்தது. இலக்கத்தின் முதல் ஐந்து எண்களும் பிறந்த வருடத்திலிருந்தும் நாளிலிருந்தும் வருபவை என்பதால், அவற்றை நான் கணக்குப்போட்டு எடுத்துவிட்டேன். மிச்சம் நான்கு எண்கள். மூன்று நன்றாக நினைவிருப்பதாக டீச்சர் சொன்னார். கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

"விட்டுட்டு அனுப்பலாமா?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"வெத்தா விட்டா அந்த வரியவே வெட்டிருவாங்க பாஸ். அதுக்குன்னு பேச அங்க ஆளு இல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை என்றால் நான் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பேன். இந்த முறை, நீங்கள்தான் அடித்தீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரல்களை வைத்து அந்த வரியை வெறுமனே அடித்துப் பார்த்தார். மூன்று என்றால் இடது கை போக வேண்டும், எட்டு என்றால் வலது கை. வலது கை போனது. இரண்டாம் முறையும் அப்படியே. எட்டு என்று எழுதினோம்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றே காலுக்குப் பட்டியலைக் கொடுத்தோம். வாங்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்த உத்தியோகத்தர். வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தார். கடைசி வரியின் ஓரத்தில் டீச்சர் பென்சிலால் போட்டிருந்த சிறிய புள்ளியில் நின்றார்.

"இந்த இலக்கம் சரிதானே டீச்சர்?"

"சரி சேர்," என்றார் டீச்சர். உத்தியோகத்தர் புள்ளியை அழித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் வேண்டும். இப்போதைய கணினிகள் அதைத் தாங்கும், பென்டிரைவ் போகாத வீடும் இல்லை. ஆனால் கேட்பவரிடம் அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கணினியில் திரும்பச் செய்யவே முடியாதது என்ன இருக்கிறது, அது வேறெங்காவது இருக்கிறதா என்று நான் கேட்பேன். பெரும்பாலும் அந்த இடத்திலேயே முகம் மாறிவிடும். முதலில் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள், பிறகு ஆன்டிவைரஸைப் பற்றிப் பேசுங்கள். சிவப்புப் பெட்டி வந்தால் அது சந்தேகப்படுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் என்ன இருக்கிறது என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். நீங்கள் பயந்துபோயிருக்கும் நேரத்தில் அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். வெட்கப்பட்டிருக்கும் நேரத்திலும் வேண்டாம். எனக்கு அன்று இருந்தது வெட்கம்தான்.

காணித் துண்டுகள் பிறகு கொடுக்கப்பட்டன. 2006 பெப்ரவரியில் ஒரு வேலையாக அந்தப் புதிய குடியிருப்புக்குப் போனேன். வீடுகள் எழும்பியிருந்தன. தலைவர் வீட்டு வாசலில் பீட்ரூட் போட்டிருந்தார், அவர் அன்று வீட்டில் இல்லை. சிவபாக்கியத்தின் வீடு எது என்று கேட்டேன். துண்டு அவருக்குக் கிடைத்தது, தங்கை மகளைக் குடிவைத்துவிட்டு இன்னும் கொழும்பில்தான் இருக்கிறார் என்றார் தண்ணீர்க் குழாயில் நின்ற ஒருவர். இல்லை, இலக்கம் ஒத்துவரவில்லை என்று கடிதம் வந்து, அந்தத் துண்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார் பக்கத்தில் நின்ற பெண். இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

புவனேஸ்வரி டீச்சருக்கு இது தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற பிறகும் வட்டவளையில்தான் இருக்கிறார், தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆகவே, கடைசி எண் எட்டுத்தானா என்பது நான் இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படாதது.